குரக்கன் திரிகையும் கோதுமை மாவும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் மலையக நகரொன்றில் நடைபெற்ற சுற்றாடல் கருத்தரங்கொன்றுக்குப் போயிருந்தேன். நன்கு படித்த இளைஞர் ஒருவர் பேசினார். மலைநாட்டுக் காடுகள் அழிவதற்கும் நீரோடைகள் வற்றுவதற்கும் உரிய காரணங்களை அடுக்கிக்கொண்டு வந்தவர், லயங்களில் வாழும் மக்களின் விறகுத் தேவையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். சொன்னதில் பொய்யில்லை. விறகுக் கட்டைத் தலையில் சுமந்து மலையிறங்கும் பெண்களை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். சிறுவயதில் நானே சுமந்திருக்கிறேன். ஆயினும் அந்த வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வீடு திரும்பும் வழியில், எதனாலோ, என் அப்பாயியின் திரிகை ஞாபகத்துக்கு வந்தது. இன்றைய உரையை அந்தத் திரிகையிலிருந்து தொடங்குகிறேன்.

திரிகை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கற்கள். மேற்கல்லின் நடுவே தானியம் போடுவதற்கு ஒரு குழி, ஓரத்தில் பிடித்துச் சுற்றுவதற்கு ஒரு மரப்பிடி. இங்கே நாங்கள் குரக்கன் என்று சொல்லும் கேழ்வரகை அதில்தான் அரைப்பார்கள். அப்பாயி புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து, 1920களில், புதுமணப் பெண்ணாக இந்த நாட்டுக்கு வந்தார். மண்டபம் முகாமில் அடைத்து வைத்துப் பரிசோதித்தபோது, மூட்டைக்குள் கல்லைக் கண்டு எல்லோரும் சிரித்தார்களாம். "போற இடத்துல மாவரைக்க வேணாமா?" என்று இவர் கேட்டிருக்கிறார். தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் ரயிலேறி, அந்தக் கல் எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தது.

அப்பாயியின் ஊர் வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு, சாமை என்பனவே அங்கு உணவு. காலையில் கூழ், மாலையில் களி. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். தின்ற தானியமெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் விளைந்தது. தட்டையை மாடு தின்றது. மாட்டுச் சாணம் மீண்டும் நிலத்துக்குப் போயிற்று. அந்த வாழ்வைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அது கடனும் சாதிக் கொடுமையும் நிறைந்த வாழ்வு. மழை இரண்டு வருடம் பொய்த்தால் சாவு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அக்கரைக்கு வந்தவர்கள் பலர் உயிர் பிழைக்கவே வந்தார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: அந்த ஏழையின் வயிறு தன்னைச் சுற்றியிருந்த மண்ணுக்கு அப்பால் எந்த மண்ணையும் தொடவில்லை.

கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் கட்டியபோது என்ன சொல்லி அழைத்தார்கள் என்பது பற்றி மலையகத்தில் ஒரு கதை உண்டு. கண்டிச் சீமையில் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்பது அக்கதை. கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அதில் உள்ள பண்டங்களைக் கவனியுங்கள். பொன்னும் மணியும் அல்ல, உணவு. புதுக்கோட்டைக் காட்டில் மாசிக் கருவாட்டை யார் கண்டது? வருவதற்கு முன்னரே புதிய நாவொன்றை அவர்களுக்கு ஊட்டியிருக்கிறார்கள்.

முதலில் வந்தது கோப்பிக்காக. 1820களில் கம்பளைக்கருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தமக்கென ஒரு தோட்டம் வைத்திருந்தார். பின்னர் காட்டு நிலம் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. இராமநாதபுரக் கரையிலிருந்து வள்ளமேறி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் வாந்திபேதி கண்டு விழுந்தவர்கள் எத்தனையோ பேர். கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பி, தம் புன்செய்யை உழுதார்கள். அரை வயிறு இங்கே, அரை வயிறு அங்கே.

இங்கே அந்த வயிற்றுக்கு என்ன போட்டார்கள்? அரிசி. தோட்டமே அரிசி கொடுத்தது. அதன் காசைச் சம்பளத்தில் பிடித்தது. மலையில் நெல் விளையவில்லை. தாழ்நிலத்து நெல் இவ்வளவு பேருக்குப் போதவில்லை. ஆகவே கடல் கடந்து அரிசி வந்தது. கொழும்பிலிருந்து மாட்டுவண்டிகள் அரிசியை மேலே ஏற்றி வந்து, கோப்பியைக் கீழே இறக்கிச் சென்றன. 1867இல் கண்டிக்கு ரயில் வந்த பின் அதுவே அந்தப் பாரத்தைச் சுமந்தது. ஊரில் திருநாளுக்கு மாத்திரம் கண்ட சோறு இங்கே அன்றாடமாயிற்று. ஏழைக்கு அது உயர்வாகத்தான் தோன்றியிருக்கும். ஊருக்குப் போனபோது, "அங்கே தினமும் நெல்லுச்சோறு" என்று சொல்லாதவர் உண்டா?

இவ்விடத்தில் சற்றே நின்று பர்மாவைப் பார்க்க வேண்டும். காலப்போக்கில் இங்கு வந்த அரிசியில் பெரும்பகுதி ஐராவதி ஆற்றுக் கழிமுகத்திலிருந்து வந்தது. 1850களில் கீழ்ப் பர்மாவில் நெல் விளைந்த நிலம் பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது எண்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. இடையில் இருந்தவை புல்வெளிகளும் சதுப்புக் காடுகளும். அவற்றை வெட்டித் திருத்திய பர்மிய விவசாயிக்கு வட்டிக்குக் காசு கொடுத்தவர்கள் யார்? நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். செட்டிநாட்டுக்கும் என் அப்பாயியின் ஊருக்கும் நடை தூரம்தான். ஒரே வரண்ட சீமையிலிருந்து காசுள்ளவன் பர்மாவுக்குப் போனான். காசற்றவன் கண்டிக்கு வந்தான். முன்னவன் பணத்தில் விளைந்த அரிசி பின்னவன் தட்டில் விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் இருவர் பொருட்டும் பர்மாவில் ஒரு காடு போயிற்று.

இங்கே போன காட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெட்டிய விதத்தை மாத்திரம் சொல்கிறேன். மலைச்சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி வரை வெட்டிக்கொண்டே போவார்கள். உச்சியிலுள்ள மரங்களை மட்டும் முழுதாக வெட்டுவார்கள். அவை கீழுள்ளவற்றின்மேல் சாய, அவை அடுத்தவற்றின்மேல் சாய, இடி முழக்கம் போல ஒரு மலையே சரியும். பின்னர் காயவிட்டுத் தீ வைப்பார்கள். மரத்தைக்கூட எடுக்கவில்லை, எரித்தார்கள். இந்தக் கோடரி வேலையில் பெரும்பகுதியை ஒப்பந்தத்துக்குச் செய்தவர்கள் சுற்றுவட்டாரச் சிங்களக் கிராமத்தவர். நட்டதும் களையெடுத்ததும் பறித்ததும் தமிழர். வெட்டச் சொன்னவர் வேறு. யானைகளுக்கும் இதே கதிதான். மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்து நானூறு யானை வரை சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். மலையகத்தில் இன்றும் அந்தக் கதையை ஒருவகைத் திருப்தியோடுதான் சொல்கிறார்கள்.

1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் ஒரு செம்மஞ்சள் பொடி காணப்பட்டது. மலை மலையாக ஒரே செடியை நட்டிருந்ததால் நோய்க்குப் பாதை திறந்தே கிடந்தது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி முடிந்தது. தற்செயலைப் பாருங்கள்: கோப்பிப் பயிர்ச்செய்கையைப் புகழ்ந்து ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்ததும் அதே 1869இல்தான். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளையாவது விட்டுவைக்க வேண்டுமென எழுதினார். ஹோட்டன் சமவெளி போன்ற உச்சிகள் தப்பின. அதற்குக் கீழே கோப்பி நின்ற இடத்தில் தேயிலை வந்தது. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் நட்ட பத்தொன்பது ஏக்கர்தான் அதன் தொடக்கம்.

தேயிலை வேறு வகையான செடி. அது வருடம் முழுவதும் துளிர்க்கும். ஆகவே வருடம் முழுவதும் ஆள் வேண்டும். ஆளென்றால் பெண் வேண்டும். பெண்ணென்றால் குடும்பம் வேண்டும். ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே போய்வந்தவர்கள் இங்கேயே நின்றுவிட்டார்கள். அரை வயிறு அங்கே என்பது போய், முழு வயிறும் இங்கேயே என்றாயிற்று.

இனி அப்பாயியின் திரிகைக்கு வருகிறேன். அது ஏன் ஓய்ந்தது? முதற்காரணம், அரைக்கத் தானியம் கிடைக்கவில்லை. எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்தில் சேனைப் பயிராகக் கொஞ்சம் குரக்கன் விளையும். அப்பாயி லயத்துக்குக் கிடைக்கும் அரிசியில் மிச்சம் பிடித்து, அக்கிராமத்து மூதாட்டி ஒருவரிடம் கொடுத்து, இரண்டு சுண்டு குரக்கன் வாங்கி வருவார். ஒருவருக்கு அரிசி வேண்டியிருந்தது, மற்றவருக்குக் குரக்கன். மேட்டுநிலமெல்லாம் முடிக்குரியதென்ற சட்டத்தால் சேனையும் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்த இரண்டு சுண்டும் நின்றது.

இரண்டாவது காரணம்தான் பெரிது. நேரம். விடியுமுன்னே தப்பு அடிக்கும், பிரட்டுக்குப் போகவேண்டும். அதற்குள் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, கூடையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். குரக்கனைப் புடைத்து, திரித்து, சலித்து, களி கிண்டுவதற்குப் பிரட்டுக்களத்துத் துரை காத்திருப்பாரா? ஒரு மக்கள் கூட்டம் எதை உண்பதென்று நாக்கு தீர்மானிக்கிறதென நாம் நினைக்கிறோம். மணிக்கூடுதான் தீர்மானிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1942 மார்ச்சில் ரங்கூன் யப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. முதலில் யாருக்கும் அது பிடிக்கவில்லையாம். பசை காய்ச்சும் மாவை மனிதன் தின்பதா என்று கேட்டார்களாம். ஆனால் அந்த மா பிரட்டு மணிக்கென்றே படைக்கப்பட்டதுபோல் இருந்தது. திரிக்க வேண்டாம், ஊறவைக்க வேண்டாம், வடிக்க வேண்டாம். பிசைந்து, தட்டி, சுட்டு, துணியில் சுற்றி மலைக்குக் கொண்டு போகலாம். பகலில் ஒரு ரொட்டி, கொஞ்சம் சம்பல், ஒரு போத்தல் சாயத்தண்ணீர். யுத்தம் முடிந்தது, மா போகவில்லை. கடல் கடந்த கோதுமை வயல்களும் எங்கள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தன.

அந்தச் சாயத்தண்ணீர் இன்னொரு கதை. அப்பாயி தன் ஊரில் தேநீரைக் கண்டதேயில்லை. இங்கே நல்ல தூள் கப்பலேறியது. தூசும் கழிவும் லயத்துக்கு வந்தன. குளிருக்கு அது இதமாக இருந்தது, பசியையும் கொஞ்சம் மறைத்தது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிக்கும் பழக்கம் வந்தது. ஊருக்குப் போகும்போது தேயிலைப் பொட்டலம் கொண்டு போய்ச் சொந்தக்காரருக்குக் கொடுப்பார். கூழ்ப்பானை இருந்த திண்ணையில் தேநீர்க் கோப்பை ஏறியதில், இப்படிப் போய்வந்தவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆக, கணக்கைப் பாருங்கள். அரிசி பர்மாவிலிருந்து, மா அதற்கும் அப்பாலிருந்து, மாசி மாலைதீவிலிருந்து, தேங்காய் தாழ்நிலத்திலிருந்து. குளிருக்குக் கறுப்புக் கம்பளி, அதுவும் கடனுக்கு. தாம் விளைவித்ததில் தூசைத் தவிர எதையும் நுகராமல், நுகர்ந்ததில் எதையும் விளைவிக்காமல் ஒரு சமூகம் வாழ்ந்தது. அது அவர்கள் தேர்ந்தெடுத்ததல்ல. அளந்து வைத்த ஒரு காம்பராவுக்குள் வாழ்ந்தவர்களுக்குத் தோட்டம் போட நிலம் ஏது? 1973, 1974 ஆண்டுகளில் மாவும் அரிசியும் கிடைக்காமற் போனபோது இதன் பொருள் விளங்கியது. கிராமத்தவனுக்கு ஒரு பலாமரமாவது இருந்தது. எங்களுக்குப் பச்சைப் பசேலென்ற மலை முழுவதும் இருந்தது. அதில் தின்னக்கூடிய ஓர் இலைகூட இல்லை. தோட்டங்களில் பட்டினியால் இறந்தார்கள். கிழங்குக்காகக் கிராமங்களில் கையேந்தி அலைந்தவர்களை நான் கண்டேன்.

இப்போது அந்த விறகுக் கட்டுக்கு வருவோம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மிச்சமெல்லாம் நீர். அந்த நீரை நெருப்பால் போக்க வேண்டும். தொழிற்சாலையின் அடுப்பு விழுங்கியதும் மரத்தையே. அந்த அடுப்புக்காகவே யூக்கலிப்டசும் கிரெவிலியாவும் நட்டார்கள். நாங்கள் எரித்ததில் பெரும்பகுதி கவ்வாத்து வெட்டிய தேயிலை மிளாறு. மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். புல் பூண்டு இல்லாமல் மலையைச் சுரண்டியால் சுரண்டி வைத்தால்தான் தோட்டம் சுத்தமென்று கருதிய காலமொன்று இருந்தது. மழை வந்தால் மேல்மண் மகாவலிக்குப் போகும். 1931இலேயே மண்ணரிப்பை ஆராய ஒரு குழு அமைத்து அறிக்கை வெளியிட்டார்கள். இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் தேநீர் அருந்துகின்ற இலண்டன்காரர் கணக்கில் ஒரு மரமும் எழுதப்படுவதில்லை. மிளாறு சுமக்கும் பெண்ணின் கணக்கில் ஒரு காடு எழுதப்படுகிறது.

இத்துடன் முடித்திருந்தால் எங்களை நிரபராதிகளாக்கிவிட்டு எழுந்திருப்பேன். என் சித்தப்பா அதற்கு விடவில்லை.

1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று தீர்மானித்தார்கள். அந்தக் கணக்கில் என் சித்தப்பா குடும்பமும் போயிற்று. திரிகையைக் கொண்டு போக ஆசைப்பட்டார். சாமான் நிறை கூடியதால் விட்டுவிட்டார். அவர்களை அனுப்பியது புதுக்கோட்டைக்கல்ல, நீலகிரிக்கு. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியிருந்தது. பின்னாளில் டேன்டீ என்று பெயர் பெற்றது அதுவே. தேயிலை தெரிந்த கைகள், வேலை வேண்டும், மலையில் காடு இருக்கிறது. அரசுக்குக் கணக்கு எளிதாகவே இருந்தது.

1990களில் கூடலூர்ப் பக்கம் போய் அவரைப் பார்த்தேன். இரவு அடுப்பருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். "தம்பி, கண்டியில நம்ம பாட்டன் காலத்துல போன காட்ட நான் பாக்கல. இங்க நானே வெட்டுனேன். வெட்டுனாத்தான் சம்பளம்" என்றார். யானை வருமா என்று கேட்டேன். "அது வராம எங்க போகும்? அதோட வீடுதானே" என்றார். அந்த மலையில் படகர்கள் தலைமுறை தலைமுறையாக ராகியும் சாமையும் விளைத்தவர்கள். அவர்களும் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ராகியைப் பிரிந்து கடல் கடந்த குடும்பம், சுற்றி வந்து ராகி விளைந்த மலையில் தேயிலை நட்டது.

சித்தி ஒரு வேடிக்கை சொன்னார். வந்த புதிதில் கடைக்குப் போய்க் கோதுமை மா கேட்டாராம். பழுப்பு நிறத்தில் ஒன்றைக் கொடுத்தார்களாம். ரொட்டி சுட்டால் ரொட்டியாக வரவில்லை. பல நாள் கழித்துத்தான் நம்மூர்க் கோதுமை மாவுக்கு அங்கே மைதா என்று பெயர் எனத் தெரிந்ததாம். அதற்குள் அக்கம்பக்கத்தார் இவர்களுக்குச் சிலோன்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் கொண்டு போன மாசிப் பொட்டலத்தைச் சித்தி கண்களில் ஒற்றிக்கொண்டார். 2022இல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு ஆணையிட்டது. காடு மீண்டும் வளரட்டும், எனக்கு மகிழ்ச்சியே. வெட்டிய கைகளுக்குச் சொந்தமாக ஒரு வீட்டு நிலம் கிடைக்குமா என்று சித்தப்பாவின் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இங்கே எங்கள் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் காசில் லயங்களில் எரிவாயு அடுப்பு வந்திருக்கிறது. விறகுக் கட்டு குறைந்திருக்கிறது. பீலிக்கரையில் ஷாம்பு உறைகள் கிடக்கின்றன. 2022இன் நெருக்கடியில் மா விலை ஏறியபோது, 1974ஐக் கண்ட கிழங்கள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அண்மையில் சீனி வியாதிக்கு மருந்தெடுக்கப் போயிருந்தேன். ரொட்டியைக் குறைத்துக் குரக்கன் சாப்பிடுங்கள் என்றார் டொக்டர். நகரத்துக் கடையில் பொலித்தீன் பையில் அடைத்த குரக்கன் மா இருந்தது. கோதுமை மாவைவிட விலை அதிகம். ஒரு பைக்கற் வாங்கி வந்தேன். வீட்டில் யாருக்கும் களி கிண்டத் தெரியவில்லை. அப்பாயி கிண்டியதை நான் பார்த்திருக்கிறேன், பார்த்ததோடு சரி. கடைசியில் என் மகள் அதில் பாதிக்குப் பாதி கோதுமை மா கலந்து, ரொட்டி சுட்டுத் தந்தாள்.